ஒன்பது அம்பாசிடர்களின் பல்வரிசை

இசக்கிராஜா யாரையும் நலம் விசாரிப்பதில்லை. அந்த வண்டிக்கு வைப்பர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, கவனித்தீர்களா என்றுதான் பேச்சைத் தொடங்குவார். கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் இருபத்தாறு வருடமாகக் காகிதம் வெட்டுகிறார். அரை மில்லி பிசகினால் கட்டு முழுவதும் குப்பை. அந்தச் சட்டத்தை அவர் உலகம் முழுவதற்கும் நீட்டிப் பார்த்தார். உலகம் ஒத்துழைக்கவில்லை. அதனால் உள்ளங்கையில் அடங்கும், உலோகத்தில் வார்த்த டைகாஸ்ட் பொம்மைக் கார்களோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு கார்கள். மனைவி சத்தியபாமா சொல்வது: "முந்நூறு வண்டி வீட்ல நிக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ புடிச்சுப் போறேன்."

ஊரில் இந்தப் பித்து பிடித்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். நானும் ஒருவன். ஒன்பது பேரிடமும் ஒரே பார்சலில் வந்த ஒரே மாதிரிக் கார் இருந்தது: கறுப்பு அம்பாசிடர், 1968ஆம் வருட மாடல். அதன் முகப்புக் கிரில்லில் சின்னச் சின்னக் கட்டங்கள். தப்பு என்றார் இசக்கிராஜா. குறுக்குக் கம்பிதான் இருக்க வேண்டுமாம். ஆதாரம் கைவசம் இருந்தது. தீப்பெட்டி ஆலை நடத்திய ஒரு குடும்பத்தின் ஷெட்டில் நிஜமான 1968 அம்பாசிடர் நிற்கிறது. வெர்னியர் அளவுகோலோடு போய், கம்பிகளை மூன்று முறை எண்ணி, நோட்டில் படம் போட்டு வந்திருந்தார். கிரில்லின் ஓரத்தில் இருந்த பற்றவைப்புத் தழும்புகளைக்கூட விடவில்லை. "கம்பெனி வெல்டிங்" என்று அடிக்கோடிட்டிருந்தார்.

எங்களில் டெனிஸ் பல் செட் கட்டுகிறவர். ஒன்பது கிரில்லையும் மாற்றும் வேலை அவர் தலையில் விழுந்தது.

"அண்ணாச்சி, மனுசனுக்குத்தான் பல்லு கட்டுதேன். காருக்குக் கட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"ஏலே, மனுசன் பல்லு கோணலா இருந்தாலும் சோறு உள்ள போயிரும். இது வரலாறு."

டெனிஸ் கட்டங்களை ராவி எடுத்துவிட்டு, பல் கம்பியை நறுக்கி ஒட்டினார். ஒன்பது அம்பாசிடர்களும் ஒரே மாதிரி சிரித்தன. ஒன்பது பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால் அது உண்மையாகிவிடும் என்று நாங்களும் நம்பினோம். படித்த முட்டாள்தனம் என்று ஒன்று உண்டு. அதில் என் பங்கு அதிகம்.

சென்ற ஆண்டு சர்ச் ஹாலில் கண்காட்சி வைத்தோம். மதுரை சேகரிப்பாளர் சங்கத்திலிருந்து சௌந்தரபாண்டியன் வந்தார். அவர்கள் நடத்தும் போட்டிக்கு இசக்கிராஜாவை நடுவராகக் கூப்பிடலாமா என்று பார்த்துச் சொல்ல வந்தவர். அந்த நாற்காலிக்காக இசக்கிராஜா மூன்று வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அன்று சட்டைகூட இஸ்திரி போட்டது.

சௌந்தரபாண்டியன் அம்பாசிடர் வரிசையின் முன்னால் நின்றார். "அறுபத்தெட்டுக்குக் கட்டம்ல வரணும்? இந்தக் கம்பி கிரில் எழுபத்தஞ்சுக்கு மேல வந்ததுங்க."

"புஸ்தகத்துல பாத்துச் சொல்லுதீங்க. நான் வண்டியையே பாத்தவன்" என்றார் இசக்கிராஜா. வண்டியின் சொந்தக்காரரான பிரேமா அம்மாளைச் சிறப்பு விருந்தினராக அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். சாட்சிக்கு அவரையே கூப்பிட்டார்.

எழுபது தாண்டிய பிரேமா அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "ஏம்ப்பா, எங்க வண்டிப் பல்லை எதுக்கு எல்லா வண்டிக்கும் மாட்டி வச்சிருக்கீங்க?"

"இதுதானம்மா ஒரிஜினல்."

"எவன் சொன்னான்? எம்பதாம் வருசம் எட்டயபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மழை. கரிசல் சேத்துல வண்டி பொதைஞ்சு போச்சு. எங்க மாமா ரெண்டு மாட்டைக் கொண்டாரச் சொன்னாவ. கயித்தைக் கட்டுனவன் கிரில்லுல போயிக் கட்டிட்டான். மாடு கிரில்லோட போயிருச்சு. வண்டி அங்கனயே நின்னுச்சு."

டெனிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்போ இப்ப இருக்கது?" என்றார் இசக்கிராஜா.

"பழசு கெடைக்கலை. திருநெல்வேலியில புது மாடல் கிரில்லை வாங்கி, தட்டிக் கொட்டி, வெல்டு வச்சுத் திணிச்சாவ."

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"நீ எப்பப்பா கேட்ட? வந்த, அளந்த, காப்பியைக் குடிச்ச, போயிட்ட."

சாட்சி பொய் சொல்லவில்லை. கம்பியை எண்ணியவர் கதையைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பொய்ப்பல் கட்டிய ஒரு காரைப் பார்த்து, பல் கட்டுகிறவரைக் கொண்டே ஒன்பது கார்களுக்குப் பொய்ப்பல் கட்டியிருந்தோம்.

"சொல்லி அனுப்புறோம்" என்று சௌந்தரபாண்டியன் கிளம்பினார். இதுவரை எதுவும் வரவில்லை. வராது.

இசக்கிராஜா தன் காரின் முன்னால் இருந்த அட்டையைத் திருப்பிப் போட்டு எழுதினார்: "அம்பாசிடர், 1968. கிரில், 1980க்குப் பின். கோவில்பட்டி." எழுதியதை ஒரு தரம் சரிபார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"அம்மா, கயிறு கிரில்லுக்கு நடுவுலயா, ஓரத்துலயா?"

"அட போப்பா!"

எட்டுப் பேர் கட்டத்துக்குத் திரும்பிவிட்டோம். டெனிஸ் முனகிக்கொண்டே திரும்பவும் பல் கட்டினார். இசக்கிராஜா மட்டும் மாற்றவில்லை. தன் காரில் அந்த வெல்டிங் தழும்பையும் ஊசிமுனையால் வைக்கச் சொன்னார். இப்போது அது பிரேமா அம்மாளின் வண்டிதான், சந்தேகமில்லை.

அவரைப் பாராட்ட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் மாடு இழுத்ததை அட்டையில் எழுத இடம் போதவில்லை என்று அவர் வருத்தப்பட்டபோது, பெரிய அட்டை வெட்டிக் கொடுத்தது நான்தான். அரை மில்லி கோணல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.