தியாமிகே வளர்த்த ஆட்டுத் திருடன்

சோம்பா போலீஸ் பயிற்சிப் பள்ளியில், கைபேசியில் அழித்த செய்திகளை மீட்டெடுக்கக் கற்றுத்தரும் தியாமிகே, அந்த மழைக்காலம் முழுக்க ஆட்டுத் திருடனாக வாழ்ந்துகொண்டிருந்தாள்.

வேறு வழியில்லை. வழக்கில் பிடிபட்ட நிஜக் கைபேசியை மாணவர்களிடம் கொடுத்தால், எவளோ ஒருத்தியின் படுக்கையறைப் படமும் எவனோ ஒருவனுடைய அம்மாவின் நோயும் வகுப்பு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அந்தப் பாவம் நமக்கெதற்கு என்று அவளே ஒரு குற்றத்தைப் புனைந்தாள். திருடன் லாஸ்டனுக்கு ஒரு கைபேசி, அவன் காதலி எஸ்னார்ட்டுக்கு ஒன்று. வீட்டில் ஒரு கையால் சீமா என்ற சோளமாவுக் களியைக் கிண்டிக்கொண்டே மறுகையால் இருவருக்குமாக மாறி மாறித் தட்டினாள். லாஸ்டன் கொஞ்சினான், எஸ்னார்ட் ஊடினாள். ஆடு எக்கேடோ கெட்டது, காதல் களைகட்டிவிட்டது. எஸ்னார்ட்டின் பதிலைப் படித்து, அதை எழுதிய தியாமிகேவே வெட்கப்பட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் அழித்து, இரண்டு கைபேசிகளையும் மாணவர்களிடம் கொடுத்தாள். திருத்துவதற்கான விடைத்தாளும் தயார்: ஆட்டைத் திருடியவன் லாஸ்டன், ஒளித்துவைத்தவள் எஸ்னார்ட்.

தேர்வு நாளில் தலைநகரிலிருந்து சிபேட்டா என்ற அதிகாரி வந்து உட்கார்ந்தார். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. மாணவர்கள் தேறினால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் அறையைப் பழைய சீருடை அடுக்கக் கொடுத்துவிடுவார்கள்.

மாணவர்கள் சார்பில் சார்ஜென்ட் முசுக்வா எழுந்தார்.

"லாஸ்டன்னு ஒருத்தனே கெடையாதுங்க ஐயா. எஸ்னார்ட்டும் கெடையாது."

சிபேட்டா விடைத்தாளைப் பார்த்தார். "அப்ப ஆட்ட ஓட்டிட்டுப் போனது யாரு, உங்க மாமனாரா?"

"ரெண்டு ஃபோனும் ஒரே வீட்டு வைஃபையில இருந்திருக்குங்க. 'தூரத்துல, பிளான்டயர் டவுன்ல இருக்கேன், கண்ணே'ன்னு அவன் எழுதறப்பகூட அவ ஃபோன் பக்கத்துலதான். புதன்கிழமை சாயங்காலமானா ரெண்டும் மூச்சு விடறதில்ல."

"புதன்கிழமை என்னய்யா?"

"சர்ச்சுல பாட்டுப் பயிற்சிங்க. உச்சஸ்தாயி நம்ம மேடம்தான்."

வகுப்பே குலுங்கியது. முசுக்வாவோ சாட்சி வாக்குமூலம் படிக்கிற குரலில் தொடர்ந்தார்: "'என் கரும்பே, உன் நெனப்புல சீமாகூட எறங்கல.' எழுதினது மேடம். 'போடா புளுகு மூட்டை.' அதுவும் மேடம்."

தியாமிகே இடுப்பில் சுற்றியிருந்த சித்தேஞ்சேத் துணியின் முனையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய துணிக்குள்தான் அவளுக்கு உறைத்தது. இரண்டு கைபேசிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பாடத்தை அவள் இன்னும் நடத்தவே இல்லை. இவர்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்!

"விடைத்தாள்படி பாத்தா எல்லாருக்கும் முட்டை" என்றார் சிபேட்டா.

தியாமிகே துள்ளி எழுந்தாள். "விடைத்தாள்தான் ஃபெயிலு ஐயா! அதுல நான் எழுதினது அத்தனையும் புளுகு. இவங்க சொன்னதுதான் நடந்துச்சு." இரண்டு கைகளையும் முசுக்வாவிடம் நீட்டினாள். "போடுங்க வெலங்க!"

அந்த மனிதர் நிஜமாகவே மாட்டிவிட்டார்.

சிபேட்டாவின் மீசை துடித்தது. "கைது பண்றப்ப குத்தத்தச் சொல்லணும், சார்ஜென்ட்."

"பொறக்காத ரெண்டு பேரக் காதலிக்க வச்சு, நடுவுல விட்டுட்டாங்க ஐயா."

அதற்குமேல் சிபேட்டாவால் தாங்க முடியவில்லை. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். விடைத்தாளை இரண்டாகக் கிழித்தார்.

"வகுப்பு நடக்கட்டும். ஆனா அடுத்த தடவ ரெண்டு ஃபோனையும் ரெண்டு பேர்கிட்ட குடுங்க மேடம். இவங்ககிட்ட இனிமே ஒத்தையா நின்னு பொய் சொல்லி நீங்க தப்பிக்க முடியாது."

வகுப்பு கைதட்டியது. விலங்கு மாட்டிய கைகளாலேயே தியாமிகேவும் தட்டினாள்.