ஈயம் கலக்காத வெளிச்சம்

என் மூத்த நாத்தனாரின் கடைசி மகளை வீட்டில் உடும்பு என்றுதான் கூப்பிடுவோம். எதைப் பிடித்தாலும் விடமாட்டாள். அது அவள் அப்பா வழிக் குணம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் இளகின மனசுக்காரர்கள்.

அவளுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பெரோவ்ஸ்கைட் என்று ஒரு பொருள். அதைக் கரைத்து, சுழலும் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டால் படலமாகப் பரவும். காய்ந்தபின் மின்சாரம் கொடுத்தால் ஒளிரும். நன்றாக ஒளிர அதில் ஈயம் சேர்ப்பார்கள். ஈயமோ உடம்புக்கும் மண்ணுக்கும் நஞ்சு. அதற்குப் பதிலாக, பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயத்தைச் சேர்த்து விளக்கு செய்வதுதான் இவள் பாடு. காற்றுப் பட்டால் வெள்ளீயம் கெட்டுவிடும். அதனால் காற்றுப் புகாத பெட்டிக்குள், அதிலேயே பொருத்திய ரப்பர் கையுறையில் கைவிட்டுத்தான் வேலை.

இரண்டு வருஷமாக மினுக்கென்று வந்து அணைந்துகொண்டிருந்த விளக்கு ஒருநாள் பளிச்சென்று எரிந்தது. இதை ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினால் வேலை நிரந்தரம் என்று ஆராய்ச்சிக்கூடத் தலைவர் சொன்னாராம். நாத்தனார் அதற்குள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

உடும்புக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அதே பெட்டியில்தான் பக்கத்து மேசைக்காரர் ஈயத்தில் விளக்கு செய்கிறார். கையுறையும் சுழல்தட்டும் இருவருக்கும் பொது. அந்த ஈயம் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று, படலத்தைச் சோதனைக்கு அனுப்பப் போவதாக அவரிடம் சொன்னாள்.

“எரியற விளக்கை ஊதிப் பாக்கறியேம்மா” என்றார் அவர்.

“இப்படி எரியறதாலதான் சந்தேகம் சார். என் வெள்ளீயம் இவ்வளவு சமத்து இல்ல.”

விஷயம் கேட்ட நாத்தனார் கொதித்தாள். “ஊர்க்கண்ணு பட்டாக்கூடப் பரவாயில்ல, உன் கண்ணை நீயே குத்திக்கறியேடி?”

சோதனையில் ஈயம் இருந்தது. நிரந்தரப் பேச்சும் அத்தோடு நின்றது.

ஒரு நாள் அழுதாள். மறுநாள் தலைவரிடம் போய், வெள்ளீயத்துக்கென்று தனிப்பெட்டி வேண்டும் என்று நின்றாள். மூலையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றைக் காட்டினார்; காற்றுக் கசியும் பெட்டி. பக்கத்து மேசைக்காரரே கூட நின்று ரப்பர் வளையங்களை மாற்றிக் கொடுத்தார்.

மாதக்கணக்கில் பாடுபட்டபின் விளக்கு எரிந்தது. மங்கலான சிவப்பு, முந்தையதில் கால்வாசிகூட இல்லை. சோதித்தார்கள்; ஈயம் இல்லை. உள்ளது உள்ளபடி எழுதினாள். தலைவர் இன்னொரு வருஷம் நீட்டிப்பு கொடுத்தார், அதுவும் தற்காலிகம்தான்.

அவள் அனுப்பிய விளக்கின் படத்தைப் பார்த்துவிட்டு, நாத்தனார் போனில், “இவ்வளவுதானா?” என்றாள்.

“இப்போதைக்கு இவ்வளவுதாம்மா. ஆனா இது முழுக்க வெள்ளீயத்தோடது. இனிமே வெளிச்சத்தை ஏத்தறதுதான் வேலை” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அடுத்த கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.