அண்ணிக்குக் கொடுத்த லோஷன்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். சோடாவிலும் ப்ளீச்சிலும் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கடையில் வாங்கிய கிரீம்கள் எரிந்தன, இல்லையென்றால் பிசுபிசுத்தன. ஒருநாள் வெறுத்துப்போய்த் தானே கலக்கத் தொடங்கினாள்.

முதலில் எண்ணெயும் தண்ணீரும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி தனித்தனியே நின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற மெழுகு ஒன்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. எண்ணெயையும் அந்த மெழுகையும் ஒன்றாக உருக்கி, தண்ணீரைத் தனியே அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, சிறிது சிறிதாக ஊற்றிக் கடைந்தாள். பாலாக வெளுத்துக் கெட்டியானது. மெழுகு கூடினால் தோலை இழுத்தது, குறைந்தால் ஒழுகியது. ஏழாவது கலவை கைக்கு வாகாக அமைந்தது. இரண்டே வாரத்தில் வெடிப்பு மூடிவிட்டது.

சலவைப் பிரிவில் எல்லோரும் "லோஷன் அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "கெட்டுப்போகாம இருக்கணும்னு கடைக்காரன் கண்டதையும் போடுவான். நம்மளோடது சுத்தம்" என்று பெருமையடித்தபடி எல்லோருக்கும் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அண்ணியின் முன்கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டியது. சில வாரத்தில் புண் ஆறி, வெங்காயச் சருகு மாதிரி புதுத்தோல் வந்திருந்தது. லோஷன் அக்கா ஒரு பாட்டில் நிறையக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து, வேலைக்குக் கிளம்பும்போது தன் பாட்டிலைத் திறந்தாள். மூடியின் உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை! அண்ணிக்குக் கொடுத்ததும் அதே கலவை. போன் அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணி, அந்த லோஷன் எங்க?"

"உள்ள வாயேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"எங்கன்னு சொல்லுங்க!"

குளியலறை அலமாரியில் இருந்தது. பாதி காலி. அவள் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அதுல பூஞ்சை பிடிச்சிருக்கு அண்ணி. கையைக் காட்டுங்க."

அண்ணி தயங்கினாள். "கோவிச்சுக்காதே. நான் ஒரு சொட்டுகூடப் போடல. கேக்காம எதையும் தடவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. உன் மனசு நோகுமேன்னுதான் சொல்லல."

"அப்ப பாதி எங்க போச்சு?"

அறை வாசலில் வந்து நின்ற அண்ணன் மெல்லக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "குதிங்காலுக்குப் போட்டேம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

அவரை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பில்லை, புண்ணில்லை. அண்ணியும் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினாள். புதுத்தோல் இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. லோஷன் அக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த வாரமே கொடுத்த பாட்டில்களையெல்லாம் திரும்ப வாங்கிக் கொட்டினாள். வெட்கத்தை விட்டு, மருத்துவமனை மருந்தாளுநரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"தண்ணி சேர்ந்தாலே கிருமிக்கு விருந்துதாம்மா. கெடாம இருக்கிறதுக்கான மருந்தை அளவாப் போட்டுத்தான் ஆகணும். கலவை ஆறினப்புறம், எடை பார்த்துப் போடுங்க" என்றார் அவர்.

சின்னத் தராசு ஒன்று வாங்கினாள். புதிய கலவையை யாருக்கும் கொடுக்காமல் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட விழவில்லை. டாக்டரும் சம்மதித்த பிறகு, அண்ணி பொட்டளவு மட்டும் தடவிக்கொண்டாள்.

மறுநாள் காலை போன் வந்தது. "எரியல, அரிக்கல. தோல் இழுக்காம நல்லாத் தூங்கினேன்."

"அப்பாடா!" என்றாள் லோஷன் அக்கா.