பெட்டி திறக்காத நான்கு நாட்கள்

பொன்செல்வி ஒன்பது வருடமாகத் தபால் கொடுக்கிறாள். பத்தாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண்ணுக்குக் கிடைத்த வேலை. இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே வயலை நிரவிப் போட்ட மனைகளில் எழுந்திருக்கும் புது வீடுகள் அவள் பொறுப்பு. கணவன் புளியரை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். ஸ்கூட்டியின் முன்னால் தபால் பை தொங்கும். பைக்குள் ஒரு பாலிதீன் உறை. சாரல் காலத்தில் அது இல்லாமல் முடியாது.

ஒரு கடிதம் வரவில்லையென்றால் அனுப்பினவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. இதை அவள் முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டாள். வங்கி அட்டையோ ஆதாரோ கல்யாணப் பத்திரிகையோ, எது தாமதமானாலும் முதலில் அவள் பெயர்தான் வரும். போன வருடம் ஒரு தேர்வு நுழைவுச்சீட்டு நனைந்து மை கரைந்துபோனது. எழுத்து மூலமாகப் புகார் போனது. எச்சரித்து விட்டார்கள். இன்னொரு புகார் உறுதியானால் வேலையிலிருந்து நிறுத்தப்படுவாய் என்று அந்தத் தாளின் கடைசி வரியில் இருந்தது. அதை மடித்துப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

இரண்டாவது தெருவின் கடைசி வீடு வீரபாகுவுடையது. போலீஸில் முப்பத்தைந்து வருடம் இருந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். யாராவது பேசினால் வாயைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார். மனைவி பெயருக்கு வரும் கடிதத்தையும் அவரே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதில் ஒளிவுமறைவு கிடையாது. அது குடும்பத் தலைவனின் வேலை என்று நினைத்தார்.

மனைவி ஆனந்தவள்ளிக்கு ஒரு தம்பி. மணிமுத்து. வரப்புத் தகராறில் ஒரு ஆளை வெட்டிவிட்டுப் பாளையங்கோட்டைச் சிறையில் ஆயுள் தண்டனையில் இருக்கிறான். தீர்ப்பு வந்த அன்றே அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று வீரபாகு சொல்லிவிட்டார். இரண்டு வருடம் முன்பு சிறை முத்திரையோடு முதல் கடிதம் வந்தபோது, ஆனந்தவள்ளி தற்செயலாக வாசலில் நின்றாள். கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்.

"இந்த மாதிரி சீல் வச்சது வந்தா பெட்டில போடாத பொன்செல்வி. பக்கத்துச் சுவர்ல மீட்டர் பெட்டி இருக்கு பாரு. அதுக்குள்ள வச்சுட்டுப் போயிரு. துணி காயப்போட வரும்போது எடுத்துக்கிடுதேன்."

அதன்படியே நடந்தது. கடிதம் மாதத்துக்கு ஒன்று, பெரும்பாலும் இரண்டாவது புதன்கிழமை வரும். பொன்செல்வி வரும் நேரத்தில் வீரபாகு பின்னறையில் முழங்காலுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருப்பார். இரண்டு பெண்களும் அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொண்டதில்லை.

முழங்காலில் அறுவை செய்தபின் வீரபாகுவுக்குத் தபால்பெட்டி வரை நடப்பது பெரிய வேலையாகிவிட்டது. சாரலில் நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும். மே மாதம் தென்காசியிலிருந்து கேமராக் கடை ரிஃபாத்தை வரவழைத்தார். அவன் பெட்டியின் மூடியில் சின்னக் காந்தம் ஒன்றையும் பக்கத்தில் விரல் நீள வெள்ளைக் கட்டை ஒன்றையும் ஒட்டினான். மூடியைத் தூக்கினால் வீரபாகுவின் போனில் சத்தம் வரும், நேரம் பதிவாகும். கேட்டிலும் அதே போல ஒன்றை ஒட்டினான்.

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி, இனிமே நான் பெல் அடிக்க வேண்டாம்" என்றாள் பொன்செல்வி. அன்றைக்கு அது அவளுக்கு உண்மையாகவே நல்லதாகத்தான் பட்டது.

செப்டம்பர் கடைசியில் தபால் ஓவர்சியர் சங்கரநாராயணன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் நான்கு பக்கப் புகார் இருந்தது. எஃப்.ஐ.ஆர். எழுதிப் பழகின கையெழுத்து.

"ஏம்மா, நீ அந்த எஸ்.ஐ. வீட்டுக்குள்ள போயி என்ன பண்ணுதே?"

"தபால் கொடுக்கேன் சார்."

"கொடுத்த நாளெல்லாம் கேட்டும் தெறந்திருக்கு, பெட்டியும் தெறந்திருக்கு. நாலு நாள் மட்டும் கேட்டு தெறந்திருக்கு, பெட்டி தெறக்கல. ஜூன் பதினொண்ணு, ஜூலை ஒன்பது, ஆகஸ்டு பதிமூணு, செப்டம்பர் பத்து. உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம் எல்லாம் இருக்கு. ஒரு நிமிஷம் உள்ள நின்னுருக்கே. வெயிலா சாரலான்னுகூட எழுதியிருக்காரு மனுசன்."

பொன்செல்வி அந்த நான்கு தேதிகளையும் தாளில் தேடிப் படித்தாள்.

"குரங்கா இருக்கும் அண்ணாச்சின்னு சொல்லிப் பாத்தேன். 'எந்த ஊருக் குரங்கு கேட்டைத் தெறந்து திரும்பச் சாத்திட்டுப் போவுது'ன்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?" ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றினார். "நாலும் ரெண்டாவது புதன். வர்ற ரெண்டாவது புதன் என்னையே வரச் சொல்லியிருக்காரு. கையோட பிடிச்சுக் கொடுக்காராம். எங்கிட்ட இப்பமே சொல்லிரு. லெட்டரை எடுத்தியா?"

"இல்ல சார்."

"பின்ன?"

ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வாக்கியம் அவளுடையதில்லை.

இரண்டு நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் ஆனந்தவள்ளியைப் பார்த்தாள். பின்னால் போய் நின்று, "அக்கா, அந்த லெட்டர் விஷயம்..." என்று தொடங்கினாள். ஆனந்தவள்ளி திரும்பினாள். அவளுக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன லெட்டர்? எனக்கு யாரு லெட்டர் போடுதா?" என்றாள் ஆனந்தவள்ளி. சத்தமாகவே சொன்னாள்.

அதன்பிறகு பொன்செல்விக்கு ஆனந்தவள்ளி மேலேயே சந்தேகம் வந்தது. எதிர்வீட்டுக்காரி நின்றதால் அப்படிச் சொன்னாளா, இனிமேலும் அப்படித்தான் சொல்லப்போகிறாளா? ஒருவேளை வீரபாகுவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கலாம். மனைவி தானாகச் சொல்லட்டும் என்று தன்னை வைத்து நெருக்குகிறாரோ? போலீஸ்காரர்கள் அப்படிச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகிவிடுவார்கள். சேலைக்கு அடியில் இருக்கும் தாள்தான் மிஞ்சும். அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு பெட்டியிலும் கடிதத்தைப் போட்டபிறகு மூடியை இன்னொருமுறை தூக்கிப் பார்த்தாள்.

இரண்டாவது புதன்கிழமை காலை, பிரித்த தபால் கட்டுக்குள் அது இருந்தது. ஆனந்தவள்ளி என்று சாய்ந்த எழுத்து, மேலே ஊதா முத்திரை. பாலிதீன் உறைக்குள் கடைசியாக வைத்தாள்.

பதினொரு மணிக்கு அவள் போனபோது ஓவர்சியரின் பைக் அங்கே நின்றது. வராந்தாவில் அவரும் வீரபாகுவும் நாற்காலியில் இருந்தார்கள். ஆனந்தவள்ளி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"பையைத் தெறந்து காட்டச் சொல்லுங்க சார்" என்றார் வீரபாகு.

"அதுல ஊரார் லெட்டர் எல்லாம் இருக்கு அண்ணாச்சி. காட்ட முடியாது." ஓவர்சியர் அவள் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு இந்த வீட்டுக்கு ஏதும் உண்டுமா?"

பொன்செல்வி ஆனந்தவள்ளியைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்."

ஒன்பது வருடத்தில் மேலதிகாரியிடம் சொன்ன முதல் பொய். ஓவர்சியர் அதைத் தாளில் எழுதினார்.

"அந்த நாலு நாளும் எதுக்கு உள்ள வந்தே?"

"தண்ணி குடிக்க வந்தேன் சார். அங்கன பைப்பு இருக்கு."

வீரபாகு சிரித்தார். "ரெண்டாவது புதன் மட்டும்தான் தாகம் எடுக்குமோ? ஏட்டி, எத்தனை களவாணியப் பாத்திருக்கேன் தெரியுமா? எவனும் முதல்ல தண்ணி குடிக்கத்தான் வந்தேம்பான். சார், எழுதிக்கோங்க. தபால் இல்லாத நாள்ல வீட்டுக்குள்ள வந்திருக்கா. அவளே ஒத்துக்கிட்டா."

ஓவர்சியர் எழுதினார். பேனா நகர்வதைப் பொன்செல்வி நின்று பார்த்தாள். எழுதி முடித்ததும் அவர் கதவுப் பக்கம் தலையைத் தூக்கினார்.

"முறைக்காகக் கேக்கேம்மா. உங்களுக்கு வர வேண்டிய லெட்டர் ஏதாவது வராம இருக்கா?"

"அவளுக்கு எங்க லெட்டர் வருது?" என்றார் வீரபாகு.

"அண்ணாச்சி, அம்மாகிட்ட கேட்டேன்."

ஆனந்தவள்ளி நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துட்டு" என்றாள். "ஒரு மாசம்கூடத் தவறல. இந்த மாசத்துக்கு உள்ளதுதான் பாக்கி."

வராந்தாவைத் தாண்டி வந்து பொன்செல்வியின் முன்னால் கையை நீட்டினாள். 

"கொடு."

பொன்செல்வி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முத்திரை மேல்பக்கமாகவே இருந்தது. மறைத்துக் கொடுக்க நேரமில்லை, ஆனந்தவள்ளியும் மறைக்கவில்லை. வீரபாகு அதைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் பார்த்துப் பழகின முத்திரை.

"அவனா?"

"மணிமுத்துதான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம்."

"எங்கன வச்சிருக்கே?"

அவள் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அலமாரி, அரிசி டிரம், சாமி படம் ஒவ்வொன்றாக அவர் கண் போவது வாசலில் நின்ற பொன்செல்விக்குத் தெரிந்தது. போன் அவர் மடியில் கிடந்தது.

ஓவர்சியர் எழுதினதை ஒரே கோடாக அடித்தார். கீழே, 'கடிதங்கள் பெறுநருக்குச் சேர்ந்துள்ளன. குறை இல்லை' என்று எழுதித் தாளை வீரபாகு பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி."

வீரபாகு அசையவில்லை. பேனாவை ஆனந்தவள்ளி எடுத்தாள்.

"லெட்டர் எம் பேருக்கு வந்தது. நான்தானே போடணும்?"

குனிந்து முழுப் பெயரையும் எழுதினாள். எழுதி முடித்தபிறகும் நிமிர அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

தெருவுக்கு வந்ததும் பொன்செல்வி ஸ்கூட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை இருக்கிறது. அதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். உள்ளே குரல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஓவர்சியர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வந்தார்.

"இல்லன்னு சொன்னியே. எம் முகத்தைப் பாத்துச் சொன்னே."

"ஆமா சார்."

"நானும் அப்படியே நம்பி எழுதினேன்."

"அந்த அக்காவுக்காக..."

"புரியுது. தப்புன்னு சொல்லல." பைக்கில் ஏறி உட்கார்ந்தார். "நீ பொய்யை எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டியேன்னுதான் பாக்கேன்."

அவள் மூன்றாவது தெருவுக்கு வண்டியை எடுத்தாள். முதல் வீட்டுக்கு ஒரு வங்கிக் கடிதம், பெட்டியில் போட்டாள். அதற்கடுத்த வீட்டில் பத்திரிகை. திரும்பினபோது ஓவர்சியரின் பைக் தெருமுனையில் இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. அவள் நகர்ந்ததும் அதுவும் நகர்ந்தது. அந்தத் தெருவில் பதினாறு வீடு. கடைசி வீடு வரை அது அவள் பின்னாலேயே வந்தது.