கூட வர ஒரு ஆள்

போன வாரம் சம்பலுக்காக அவிக்கப் போட்ட முட்டைகளை அடுப்பிலேயே மறந்துவிட்டேன். தண்ணீர் வற்றி, ஒரு முட்டை வெடித்து, வீடு முழுக்க ஒரே நாற்றம். ஜன்னலைத் திறக்க ஓடும்போதுதான் மேசைமேல் இருந்த மகளின் கைப்பேசி அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள், அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

"யாருடி?"

"கிளாஸ்மேட்மா. அடுத்த வருஷம் பிசிக்ஸ் கிளாஸ் தொறக்க ஆள் பத்தலையாம். நான் சேந்தா தொறந்துருவாங்களாம்."

"நீ என்ன சொல்லப் போற?"

"நான் டிசைன்தானே படிக்கப் போறேன். எனக்கு எதுக்கு பிசிக்ஸ்? நோ லா."

அழுகிய முட்டைக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள உறவு, பள்ளி ஆய்வுக்கூடத்தில் கந்தக வாயு நாற்றம் தாங்காமல் ஒருமுறையாவது மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த நாற்றத்தோடு வந்து நிற்பவள் வசந்தா. நல்ல வாசனையோடு நினைவுக்கு வர வேண்டியவள்தான். என்ன செய்வது, சேர்ந்து முகர்ந்தது அதைத்தான்.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே தோட்டம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரே லயம். அவள் அப்பாவுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் வேலை. அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில் ஆலையின் சோதனைக்கூடத்துக் கண்ணாடிக்கு வெளியே வசந்தா நின்றுவிடுவாள். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், எண்ணெயில் ஏதோ சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நாற்காலியில் ஒருநாள் தான் உட்கார வேண்டும் என்பது வசந்தாவின் ஆசை. எனக்கு அப்போது ஆசை என்று எதுவும் கிடையாது. மத்தியானம் நன்றாகத் தூங்குவேன்.

நான்காம் படிவத்துக்குப் போகும் வருடம், எங்கள் பள்ளியில் அறிவியல் வகுப்பு திறக்கப் பிள்ளைகள் போதவில்லை. ஆள் சேர்ந்தால்தான் வகுப்பு, இல்லாவிட்டால் எல்லோரும் கணக்கியலுக்கு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். வசந்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பவர்கள்கூட அவ்வளவு கெஞ்சியிருக்க மாட்டார்கள். என்னிடம் வந்தபோது நான் பாயில் கிடந்தேன்.

"ஏய், நீ படிக்கலனாலும் பரவால்லடி. சும்மா வந்து ஒக்காரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"அந்தப் புள்ளகூடப் போனா கெட்டுப்போக மாட்ட, போடி" என்று அம்மா முடித்துவைத்தார். இப்படியாக, அரிசி மூட்டையில் சேரும் கல்லைப்போல, எண்ணிக்கைக்காக நான் விஞ்ஞானத்தில் சேர்ந்தேன்.

சொன்ன வார்த்தையை அவள் காப்பாற்றினாள். இரண்டு வருடமும் என்னைத் தூக்கிச் சுமந்தாள். நான் தீய்த்த பிளாஸ்டிக் அளவுகோல்கள், உடைத்த கண்ணாடிக் குழாய்கள், அதற்கெல்லாம் சேர்ந்து திட்டு வாங்கியவளும் அவள்தான். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீர் லேசாக இளஞ்சிவப்பாகும்போது நிறுத்த வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எனக்கு எப்போதும் சொட்டு கூடிப்போய், ரோஜாப் பாகு கலந்த பண்டுங் தண்ணீர் மாதிரி அடர் ரோஸாகிவிடும். "அவசரப்படாதடி, அது எங்க ஓடியா போவுது?" என்பாள். ஐந்தாம் படிவம் முடிவதற்குள் எனக்கே தெரியாமல் அந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதை அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும் இருவரும் சேர்ந்தே கல்லூரிக்கு விண்ணப்பித்தோம். எனக்கு எந்தப் படிப்பு என்று தெரியாததால், அவள் சொன்ன ரசாயனப் பொறியியலையே நானும் போட்டேன். அவளுக்கு நாட்டின் வடகோடியில் உள்ள பெர்லிஸில் இடம் கிடைத்தது. எனக்குப் பெர்லிஸிலும் கிடைத்தது, கோலாலம்பூர் பக்கத்திலும் கிடைத்தது. அவளைவிட மார்க் குறைந்தவளுக்கு எப்படி இரண்டு இடம் என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுபடியும் சைக்கிள் வந்தது.

"அப்பா தூரம்னு பயப்படறாரு. தெரிஞ்ச புள்ள ஒண்ணு கூடப் போனா அனுப்பறேங்கறாரு. நீ வர்றியாடி?"

பெர்லிஸ் தூரம், அம்மா தனியாக இருப்பார் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஓர் இடத்திலாவது வசந்தாவின் வாலாக இல்லாமல் நானாகப் போய் நிற்க வேண்டும் என்று இருந்தது. பதினெட்டு வயதில் அது பெரிய பாவமா என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. இருந்தும் மனசு உறுத்துகிறது.

"சரிடி. நீ நல்லாப் படி" என்றாள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. திரும்பும்போது சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனாள். லயத்துக் கடைசி வீடு தாண்டும்வரை நான் வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

பெர்லிஸ் இடம் காலாவதியாகி, அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு கெர்லிங் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டாள். நான் அவள் தேர்ந்தெடுத்த படிப்பையே படித்தேன், ஊரை மட்டும் மாற்றிக்கொண்டு. இன்று வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஆலை ஆலையாகப் போய் எண்ணெய் சோதிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கோட்டை மாட்டும்போதெல்லாம் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் வசந்தாவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளத் தூண் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளோ மகனை இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"இவங்க எஞ்சினியர். அம்மாதான்டா இவங்கள சயன்ஸ் கிளாஸ்ல சேத்துவிட்டேன்!"

முகமெல்லாம் பெருமை. அதில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்ததும், "எண்ணெயில இன்னும் சொட்டு விட்டுத்தான் பாக்கறாங்களா?" என்று கேட்டாள். பாதி இடங்களில் மெஷின் வந்துவிட்டது என்றேன். "அப்படியா?" என்று ரசச் சோற்றைப் பிசைந்தாள்.

இதையெல்லாம் அன்று முட்டை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே மகளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள், நல்ல பிள்ளை.

"பாவம்தான் அந்த ஆன்ட்டி. ஆனா அது உன்னோட கில்ட்மா, என்னோடது இல்ல."

சரியாகத்தான் சொன்னாள். என் கடனைக் கட்ட அவள் எதற்குப் பிசிக்ஸ் படிக்க வேண்டும்? கைப்பேசியை எடுத்தாள், 'சாரி' என்று ஒரு வார்த்தை, கைகூப்பிய பொம்மை ஒன்று. அனுப்பிவிட்டுச் சம்பலுக்கு வெங்காயம் உரிக்க வந்து உட்கார்ந்தாள்.

நாங்கள் இருந்த லயம் இப்போது தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளாகிவிட்டது. ஆலையை இடித்துவிட்டார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். சைக்கிளில் வந்து வாசலில் நின்று கேட்பவர்களும் இல்லை. மகள் கொடுத்துவைத்தவள். கைப்பேசியில் கேட்ட அந்தப் பிள்ளை திரும்பிப் போவதை அவள் பார்க்க வேண்டியதில்லை.