மீன்தலையிடமிருந்து என் கண்ணைக் காத்தவள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மனின் கருணை அதற்குப் பிறகுதான் விளங்கும். கண் மங்கிக்கொண்டு வந்த நான்கு வருடமும், ஊரார் என்னைக் குடிகாரன் என்று நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன். கண் தெரியவில்லை என்றால் படகைத் தரமாட்டார்கள். குடித்திருக்கிறான் என்றால் சிரித்துவிட்டுத் தந்துவிடுவார்கள்.

நான் காரைக்கால்மேட்டில் ஃபைபர் படகு ஓட்டுகிறவன். பொழுது சாய்ந்தால் எனக்கு உலகமே குழாய்க்குள் பார்ப்பதுபோல் சுருங்கிவிடும். விடியற்கால இருட்டிலும் அப்படித்தான். ஒருநாள் ஏலத்துக்குக் குவித்திருந்த மத்தி மேலேயே ஏறி நடந்துவிட்டேன்.

"என்னடா, விடிஞ்சதும் விடியாததுமா போட்டுட்டியா?" என்றார் ஏலக்காரர்.

"ஆமாண்ணே, கொஞ்சமாத்தான்" என்றேன். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை.

மாலைக்கண் என்று நானே முடிவு கட்டி, நானே வைத்தியமும் பார்த்தேன். கண்ணுக்கு மீன்தலை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தினமும் மீன்தலை, இடையிடையே சுறா ஈரல், போதாததற்கு மீன் எண்ணெய் மாத்திரை. என் மனைவி செல்வி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடும்போதெல்லாம், "கடலே நமக்கு ஆஸ்பத்திரிதான்" என்று வசனம் பேசினேன்.

போன வருடம் ஆடி மாதம், கரை திரும்பும் நேரம். முகத்துவாரத்தில் பக்கவாட்டில் வந்த படகு எனக்குத் தெரியவே இல்லை. என் தம்பி பாய்ந்து வந்து திருப்பினான். அந்தப் படகில் இரண்டு பேர் இருந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மாரியம்மன் சந்நிதியில் விழுந்து அழுதேன். "தாயே, கண்ணைக் கொடு. இல்லையென்றால் வழியையாவது காட்டு." இளநீர் மட்டும் குடித்துப் பத்து நாள் விரதம் என்று வேண்டிக்கொண்டேன். ஏழாம் நாள் கால் மரத்துப்போனது. பார்வை இன்னும் குறுகியது. அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று நடுங்கினேன். செல்வி நடுங்கவில்லை. புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றி, கண் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். கண்ணைப் பார்த்து முடித்ததும், கண்ணுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டார்.

"வாசனை தெரியுமாங்க உங்களுக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். "அழுகுன மீனுகூட இவருக்குத் தெரியாதுங்கம்மா. நாந்தான் மோந்து பாத்து ஒதுக்குறது."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால்விரலைப் பார்த்தார். நான்காம் விரல் குட்டை. என் அப்பாவும் அம்மாவும் அத்தை பிள்ளை, மாமன் மகள் என்பதையும் கேட்டுக்கொண்டார். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வரும்வரை எனக்கு ஒவ்வொரு நாளும் கண்டம்தான்.

முடிவு வந்ததும் டாக்டர் சொன்னார்: "இது பரம்பரையா வர்ற நோய்ங்க. வாசனை தெரியாததும் குட்டை விரலும் இதோட அடையாளம். மீன், நெய், ஆட்டுக்கறியில இருக்குற ஒரு கொழுப்பை உங்க உடம்பால கரைக்க முடியல. அது சேர்ந்து சேர்ந்து விழித்திரை செல்லைக் கொல்லுது, கால் நரம்பையும் கெடுக்குது. பட்டினி கிடந்தா, உடம்புல தங்கியிருக்குற கொழுப்பும் ரத்தத்துல ஏறிடும். போன பார்வை திரும்பாது. இருக்குறதைக் காப்பாத்தலாம்."

நான்கு வருடமாக என் கண்ணுக்கு நானே விஷம் வைத்திருக்கிறேன், அதுவும் புளி ஊற்றிக் குழம்பாக! ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த விரதம் என்னைப் படுத்தாமல் இருந்திருந்தால் நான் பஸ் ஏறியிருப்பேனா? வழியைக் காட்டு என்றேன். வாயால் சொன்னால் கேட்கிற ஜென்மம் இல்லை இவன் என்று தெரிந்து, காலை வாரிவிட்டுக் காட்டினாள் என் தாய்.

ஊரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். படகு ஓட்டுவதைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பகலில் கரைவேலை பார்க்கிறேன். மீனவன் வீட்டில் சாம்பாரும் கீரையும். கால் மரப்பு குறைந்துவிட்டது. அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தினேன்.

அடியார்களே, அவளிடம் அழுங்கள், கட்டாயம் கேட்பாள். ஆனால் அவள் டாக்டர் வாயிலாகப் பேசினால், என்னைப்போல் வசனம் பேசாதீர்கள். பரம்பரை நோய் என்றால் கூடப்பிறந்தவர்களையும் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

போன வாரம் மறுபரிசோதனை. ஒரு வருடத்தில் பார்வை துளியும் குறையவில்லை என்றார்கள். வெளியே வந்ததும் கண் நிறைந்துவிட்டது. செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"ஒன் மொகத்த இனிமே எப்பவும் பாத்துக்கிட்டே இருப்பேன் செல்வி."

"மொதல்ல வழியப் பாத்து நடங்க."