நாலரை மணி நேரந்தானே

சிங்கப்பூர் விமான நிலையத்துக்கும் பெங்களூரு விமான நிலையத்துக்கும் நடுவே மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நாலரை மணி நேரம். இது எனக்கு மனப்பாடம். என் அண்ணன் ஓதி ஓதியே மனப்பாடம் ஆனது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து போனில் இதே பாட்டுதான். "நாலரை மணி நேரந்தான் கண்ணு. கூப்பிட்டா அன்னிக்கே வந்து நிப்பேன்."

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூப்பிட்டேன். காரியத்துக்குத்தான் வந்தான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா முன்பே போய்விட்டார். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான்.

போன மாதம் மைசூரில், எங்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயிலில், என் மகளுக்குக் காதுகுத்து. எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் அவன்தான் கொண்டுவர வேண்டும். அவனுக்கு லீவு தோதுப்படவில்லை என்று ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இந்த முறை முதல் நாளே வந்துவிடு என்று கெஞ்சினேன். "எதுக்கு ஒரு லீவ வீணாக்கறது? காலைல இறங்கி நேரா கோயிலுக்கு வந்தர்றேன்" என்றான்.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. அதைப் பெருமையாகப் போட்டோ எடுத்து அனுப்பினான். அந்த விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே ஒரு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து ஊர் முழுவதையும் கடந்துதான் மைசூர் ரோட்டையே பிடிக்க வேண்டும். இது மைசூரில் வளர்ந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். வானத்தில் வரும் நேரத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் என் தலையில் கட்டினான்.

ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாத்தனார் எல்லோர் காதிலும் விழும்படி, "பொறந்த வீட்டுல இருந்து ஒருத்தரையும் காணோமே?" என்றாள். போன் செய்தேன். "மண்டியா தாண்டிட்டேன் கண்ணு, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு" என்றான், கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில். மறுபடி செய்தபோது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான்.

"ராகுகாலம் வந்துருமுங்க" என்றார் ஆசாரி. மாமன் ஸ்தானத்தில் தன் நண்பரை உட்கார வைக்கலாமா என்று என் கணவர் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனை வாடகைக்கா எடுப்பார்கள்? மணையில் நானே உட்கார்ந்து, குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தோடு இல்லாததால் ஆசாரி துளையில் வேப்பங்குச்சியைச் செருகினார். அவள் வலியில் அலறினாள். நான் ஆத்திரத்தில் அழுதேன்.

பந்தி முடியும் நேரத்தில் வந்து சேர்ந்தான், கழுத்தில் மாட்டிய குட்டித் தலையணையைக்கூடக் கழற்றாமல். குழந்தைக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ரோடு இப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? பிளைட்டெல்லாம் கரெக்ட் டைம்தான்" என்றபடி தோட்டுப் பெட்டியை நீட்டினான்.

நான் கை நீட்டவில்லை. "நீயே வச்சுக்கோண்ணா. நாலரை மணி நேரந்தானே, நானே அங்க வந்து வாங்கிக்கறேன்."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் என்னை அங்கே வா என்று கூப்பிட்டதில்லை.